கப்பல் பில்லில் முளைக்கும் வரி: எந்தப் பாதையில் அதிகம், எதில் குறைவு?

பயணத்தின் கடைசி இரவு கேபின் கதவுக்கு அடியில் ஒரு நீளக் காகிதம் செருகப்பட்டிருந்தது. ஏழு நாள் செலவும் அதில் வரிசையாக அச்சாகியிருந்தது. முதல் நாள் மாலை குடித்த காப்பி நான்கு யூரோ. அதன் கீழே சேவைக் கட்டணம் 72 சென்ட். அதற்கும் கீழே, மெனு அட்டையில் எங்கும் கண்ணில் படாத 40 சென்ட். காப்பிக்கு மட்டும் என்றால் போகட்டும் என்று விட்டிருப்பேன். காகிதம் முழுக்க ஒவ்வொரு வரியின் கீழும் ஒரு வரி இருந்தது.

வரவேற்பு மேசையில் இருந்த இளைஞருக்கு இந்தக் கேள்வி பழகிப்போயிருக்க வேண்டும். முகம் மாறாமல் சொன்னார்: "நீங்கள் பார்சிலோனாவில் ஏறினீர்கள், சார். போன இடமெல்லாம் ஐரோப்பிய ஒன்றியத் துறைமுகங்கள். அதனால் ஸ்பெயினின் வாட் வரி, அதாவது மதிப்புக் கூட்டு வரி." அதே வாரம், அதே கடலில், வேறொரு கப்பலில் போன நண்பரின் பில்லில் இந்த வரி இல்லை. அவருடைய கப்பல் இடையில் ஒரு நாள், ஒன்றியத்துக்கு வெளியே இருக்கும் துனிசியாவின் துனிசில் நின்றது. எங்கள் இருவருக்கும் வேறுபாடு அவ்வளவுதான்.

மதுவின் விலை, பானங்களுக்கு மொத்தமாகப் பணம் கட்டும் பேக்கேஜின் சலுகை என்று எதையெதையோ ஒப்பிட்டுவிட்டு டிக்கெட் வாங்குகிறோம். வரியைத் தீர்மானிப்பதோ பயண அட்டவணையில் இருக்கும் துறைமுகப் பெயர்கள். ஒப்பீட்டையும் அங்கிருந்தே தொடங்குவோம்.

ஒன்றியத்துக்குள் சுற்றும் கப்பலும் வெளியே எட்டிப் பார்க்கும் கப்பலும்

பார்சிலோனா, மார்சேய், ஜெனோவா, நேப்பிள்ஸ், பால்மா என்று சுற்றிவிட்டு மறுபடி பார்சிலோனா வரும் கப்பலை முதலாவதாக வைத்துக்கொள்வோம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006 வாட் நெறிமுறைப்படி, ஒன்றியத்துக்கு வெளியே நிற்காத பயணத்தில் கப்பலுக்குள் விற்கும் பொருளும் பரிமாறும் உணவும் பயணம் தொடங்கிய நாட்டில் விற்றதாகவே கணக்கு. கப்பல் நடுக்கடலில் மிதந்தாலும், நேப்பிள்ஸில் கட்டிக் கிடந்தாலும், வரி ஸ்பெயினுக்குரியது. ஸ்பெயினில் பரிமாறும் உணவுக்கும் பானத்துக்கும் 10 சதவீதம். கடைப் பொருள்களில் பெரும்பாலானவற்றுக்கு 21 சதவீதம். கிரீஸில் தொடங்கினால் பொது விகிதம் 24, குரோஷியாவில் 25, இத்தாலியில் 22. கப்பலிலேயே உண்டு தீர்க்கும் சரக்குக்கு விலக்கு அளிக்க உறுப்பு நாடுகளுக்கு இடம் இருப்பதால், எந்த நாட்டில் ஏறுகிறோம் என்பதைப் பொறுத்து பில்லும் மாறுகிறது.

இரண்டாவது கப்பலும் அதே பார்சிலோனாவில்தான் புறப்படுகிறது. நடுவில் துனிசிலோ மொராக்கோவின் டான்ஜியரிலோ ஒரு பகல் நிற்கிறது. ஏட்ரியாடிக் பக்கம் போனால் மாண்டினீக்ரோவின் கோட்டோர், கிழக்கே போனால் இஸ்தான்புல். இப்படி வெளியே ஒரு நிறுத்தம் வந்ததும் 'ஒன்றியத்துக்குள் மட்டும்' என்ற கணக்கு உடைந்துவிடுகிறது. இந்த வகைப் பயணங்களில் பானங்களின் மீது வாட் வரி பெரும்பாலும் விழுவதில்லை. விழுந்தாலும் பெரும்பாலும் கப்பல் ஒன்றிய நாட்டின் துறைமுகத்திலும் கரையோரக் கடலிலும் இருக்கும் நேரத்துக்குத்தான்.

கேனரித் தீவுகள் ஒரு வேடிக்கையான விதிவிலக்கு. ஸ்பெயினின் பகுதி, ஐரோப்பிய ஒன்றியத்தின் பகுதி, ஆனால் ஒன்றியத்தின் வாட் எல்லைக்கு வெளியே. பின்லாந்தின் ஆலண்ட் தீவுகளுக்கும் அதே நிலை. ஒன்றிய நாடுகளுக்கிடையே தீர்வையில்லா (டியூட்டி ஃப்ரீ) விற்பனை 1999-இல் நின்றுபோனபோது, ஸ்டாக்ஹோமிலிருந்து ஹெல்சிங்கிக்கும் துர்க்குவுக்கும் போகும் பெரிய கப்பல்களை இந்தத் தீவுகள்தான் காப்பாற்றின. இன்றும் பல கப்பல்கள் பயணிகள் உறங்கும் நேரத்தில் ஆலண்டில் சிறிது நேரம் கட்டிவிட்டுக் கிளம்புகின்றன. இறங்குகிறவர் சிலரே. அந்த நிறுத்தத்தின் தயவில்தான் கப்பல் கடையில் மதுப் புட்டிகள் வரியில்லாமல் விற்கின்றன.

செலவுக் கணக்கில் இரண்டாவது கப்பலுக்கே வெற்றி. ஆனால் அதை நம்பி முழுப் பயணத்தையும் முடிவு செய்துவிடக் கூடாது. பலத்த காற்று என்று கேப்டன் டான்ஜியரைத் தவிர்த்துவிட்டால், பயணம் மறுபடி ஒன்றியத்துக்குள் மட்டும் நடந்த பயணமாகிவிடும். இல்லாமல் இருந்த வரியும் திரும்பி வரலாம். ஒரே ஒரு வெளி நிறுத்தம் இருக்கும் அட்டவணையில் இந்த ஆபத்து எப்போதும் உண்டு. இரண்டு இருந்தால் நிம்மதி.

அமெரிக்கக் கரையில் கதையே வேறு

1886-ஆம் ஆண்டின் பயணிக் கப்பல் சட்டம் ஒன்று அமெரிக்காவில் இன்னும் உயிரோடு இருக்கிறது. வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல், வெளிநாட்டுத் துறைமுகம் எதையும் தொடாமல் அமெரிக்கத் துறைமுகங்களை மட்டும் சுற்றிக் காட்ட முடியாது. பெரிய சொகுசுக் கப்பல்கள் அனேகமாக எல்லாமே பஹாமாஸ், பனாமா போன்ற வெளிநாட்டுக் கொடிகளின் கீழ் ஓடுகின்றன. அதனால்தான் மயாமியில் புறப்படும் கப்பல் பஹாமாஸின் நசாவையும், டெக்சாஸின் கால்வெஸ்டனில் புறப்படும் கப்பல் மெக்சிகோவின் கோசுமெலையும் தொட்டுவிட்டு வருகின்றன. அமெரிக்கக் கொடியோடு ஹவாய்த் தீவுகளைச் சுற்றும் 'பிரைடு ஆஃப் அமெரிக்கா' இதில் விதிவிலக்கு.

ஆகவே அங்கே வாரம் முழுக்க வரி ஒட்டிக்கொண்டு வராது. கப்பல் மாநிலத்தின் எல்லைக்குள் இருக்கும் சில மணி நேரம்தான் வரிக்குரியது. டெக்சாஸில் மதுபானத்துக்கு 8.25 சதவீதம், மயாமியில் மாநில வரியும் மாவட்ட வரியும் சேர்ந்து 7 சதவீதம். மெக்சிகோ வளைகுடாவில் டெக்சாஸின் கடலெல்லை சுமார் 9 கடல் மைல். பகல் பன்னிரண்டு மணிக்கு ஏறி, மாலையில் கப்பல் கிளம்பி அந்த எல்லையைத் தாண்டும் வரை மேல்தளத்தில் குடிப்பதற்கெல்லாம் வரி உண்டு. இரவு உணவோடு குடிப்பதற்கு இல்லை. ஒரே கிளாஸ், ஒரே விலை, இரண்டு ரசீது.

பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். இருவர் வாரத்துக்கு 600 என்ற அளவில் பானங்களுக்குச் செலவழிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பெயினில் தொடங்கி ஒன்றியத்துக்குள் சுற்றும் கப்பலில் வரி 60 யூரோ. கால்வெஸ்டன் கப்பலில், முதல் நாள் பகலில் 50 டாலருக்குக் குடித்திருந்தால் வரி நான்கு டாலரும் சில்லறையும். இரண்டிலும் சேவைக் கட்டணம் 18 சதவீதம் என்றால் அது மட்டும் 108. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். இங்கே சுமைகூலி வரியல்ல, சேவைக் கட்டணம். அதை நிறுவனங்கள் முன்கூட்டியே சொல்லிவிடுவதால் யாரும் சண்டைக்குப் போவதில்லை. சிறிய தொகையான வரிதான் சொல்லாமல் வந்து மேசையில் சத்தத்தைக் கிளப்புகிறது.

ஆஸ்திரேலியாவில், அந்நாட்டுத் துறைமுகங்களை மட்டும் தொடும் குறும்பயணத்துக்கு 10 சதவீத ஜிஎஸ்டி உண்டு. வெளிநாட்டுத் துறைமுகத்துக்குப் போகும் பயணத்தில் நிலைமை மாறும்.

முன்பே கட்டுவதா, குடிக்கக் குடிக்கக் கொடுப்பதா

"பேக்கேஜை வீட்டிலிருந்தே வாங்கிவிட்டால் வரித் தொல்லை இல்லை" என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். பாதிதான் உண்மை. முன்பே வாங்கினால் விலை பெரும்பாலும் குறைவு. ஆனால் முன்பே பணம் கட்டியதால் வரி மறைந்துவிடுவதில்லை. சில நிறுவனங்கள் அதைப் பதிவின்போதே சேர்த்துவிடுகின்றன. வேறு சில, 'உள்ளூர் வரிகள் பொருந்தலாம்' என்று விதிமுறையில் ஒரு வாக்கியத்தைப் போட்டுவிட்டுக் கப்பல் கணக்கில் பிறகு ஏற்றுகின்றன. எல்லாம் கட்டியாயிற்று என்று நிம்மதியாக இருக்கிறவருக்குத்தான் இரண்டாவது வகையில் எரிச்சல் அதிகம்.

அமெரிக்கப் புறப்பாட்டுக்கு, தனித்தனியாக வாங்குவதில் கொஞ்சம் பிடி நம் கையில் இருக்கிறது. கப்பல் எல்லை தாண்டும் வரை தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தால் வரி இல்லை. பேக்கேஜ் வாங்கியவரிடம் அந்த நாளுக்குரிய வரியைத் தனியே வசூலிக்கும் கப்பல்கள் உண்டு. ஒன்றியத்துக்குள் சுற்றும் கப்பலில் காத்திருந்து பயனில்லை, எந்த நேரத்தில் குடித்தாலும் வரி ஒன்றே. அங்கே குறைவாகக் குடிக்கிறவர் தனித்தனியாக வாங்குவதே மேல். பேக்கேஜ் எடுத்தால் குடிக்காத கிளாஸுக்கும் சேர்த்து வரி கட்டுவோம். விலைப்பட்டியலிலேயே வரியையும் சேவைக் கட்டணத்தையும் சேர்த்துப் போடும் நிறுவனங்களும் இருக்கின்றன. விலை சற்று உயரமாகத் தெரிந்தாலும் எனக்கு அவர்களையே பிடிக்கிறது.

கடைப் பொருள்

கப்பல் கடைகள் துறைமுகத்தில் பூட்டிக் கிடப்பதும் இதே காரணத்தால்தான். தீர்வையில்லாச் சரக்கைக் கரையில் நிற்கும்போது விற்க முடியாது. கடல் வந்ததும் கதவு திறக்கும், விளக்குகள் எரியும், கடிகாரங்கள் வெளியே வரும்.

வரி சேராமல் 700 யூரோ விலையுள்ள ஒரு கடிகாரத்தை எடுத்துக்கொள்வோம். ஸ்பெயினில் தொடங்கி ஒன்றியத்துக்குள் சுற்றும் கப்பலில் அதன் மீது 147 யூரோ வாட் வரி. துனிசைத் தொட்டுவரும் கப்பலில் அந்த வரி இல்லாமல் கிடைக்கலாம். ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தில் வசிப்பவர் வீடு திரும்பும்போது கடல் வழிக்கு 430 யூரோ வரைதான் விலக்கு. ஒரே பொருளின் விலையைப் பிரித்துக் காட்டவும் முடியாது. எல்லையைத் தாண்டிய கடிகாரத்துக்கு முழு 700-க்கும் வரி கேட்பார்கள். அமெரிக்காவில் வசிப்பவருக்குப் பொதுவான விலக்கு 800 டாலர், பிரிட்டனில் 390 பவுண்டு. கடை வாசலில் எழுதியிருக்கும் 'தீர்வையில்லா' என்ற சொல் அந்தக் கடையின் வரியைப் பற்றியது. நம் ஊர் சுங்கத் துறைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஒன்றியத்துக்கு வெளியே வசிக்கிறவருக்கு மூன்றாவது வழியும் உண்டு. அதே கடிகாரத்தை பார்சிலோனாவில் இறங்கிக் கரைக் கடையில் வாங்கி, பாஸ்போர்ட்டைக் காட்டி வரித் திருப்பப் படிவம் பெற்றுக்கொள்ளலாம். ஸ்பெயின் இதற்கான குறைந்தபட்சத் தொகையை 2018-இல் எடுத்துவிட்டது. ஒன்றியத்தை விட்டு வெளியேறும்போது படிவத்துக்குச் சுங்கத்தின் ஒப்புதலைப் பெற வேண்டும். வரியைத் திருப்பித் தரும் தரகு நிறுவனம் தன் பங்கை எடுத்துக்கொள்வதால் 147-உம் முழுதாகக் கைக்கு வராது. இருந்தாலும் கப்பல் கடையில் நின்று யோசிக்கும்போது இந்த மூன்றாவது விலையையும் மனத்தில் வைத்திருப்பது நல்லது. நான் வைத்திருக்கவில்லை. என் பில்லில் காப்பிக்குப் பத்து வரி கீழே அந்தக் கடிகாரமும் இருந்தது.