கடைக் கட்டடத்துக்கு பெட்ரோல் ஜெனரேட்டரா, டீசலா, இன்வெர்ட்டரே போதுமா?

கீழே மருந்துக்கடையும் ஜெராக்ஸ் கடையும், மேலே கிளினிக். கும்பகோணம், மன்னார்குடி பக்கம் இப்படி ஒரு சின்னக் கட்டடம் வைத்திருப்பவர்களுக்கு பெட்ரோல் ஜெனரேட்டர், சத்தத்தை அடக்கும் கூண்டோடு வரும் சைலன்ட் டீசல் ஜெனரேட்டர், இன்வெர்ட்டர் பேட்டரி என்று மூன்று வழி இருக்கிறது. நான் டீசல் பக்கம்தான். நம் டெல்டாவில் கரண்ட் போனால் நீண்ட நேரம் போகிறது என்பதுதான் காரணம்.

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்கு நிறுத்தினால் பெரும்பாலும் சாயங்காலம்தான் வரும். புயல் வந்தால் இன்னும் மோசம். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த பிறகு பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றி வந்து காசு வாங்கிக்கொண்டு வீட்டுத் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஏற்றிக் கொடுத்தார்கள்.

இந்த இடத்தில்தான் இன்வெர்ட்டர் தோற்கிறது. சத்தமில்லை, புகையில்லை, கம்ப்யூட்டர் அணையாது, எல்லாம் சரி. ஆனால் 12 வோல்ட் 150 ஏ.எச். (ஆம்பியர் மணி) பேட்டரி இரண்டு வைத்தால் காகிதக் கணக்கில் 3,600 வாட் மணி. 1,000 வாட் லோடு போட்டால் இரண்டு, இரண்டரை மணி நேரம் தாங்கினாலே அதிகம், ஏனென்றால் வேகமாக உறிஞ்சினால் பேட்டரி முழுசாகக் கொடுக்காது. அப்புறம் அதைத் திரும்ப சார்ஜ் ஏற்றவும் கரண்ட் வேண்டுமே.

பெட்ரோல் செட் விலை குறைவு, இரண்டு பேர் தூக்கிவிடலாம். ஒற்றைக் கடைக்கு, எப்போதாவது என்றால் போதும். நிமிடத்துக்கு 3,000 சுற்று வேகத்தில் கத்திக்கொண்டே ஓடும், கேன் கேனாகப் பெட்ரோலைக் கடைக்குள் வைப்பது ஆபத்து. அதைவிடப் பெரிய பயம், மழைக்குப் பயந்து மாடிப்படிக்கு அடியிலோ ஷட்டருக்கு உள்ளேயோ வைத்து ஓட்டுவது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ஆளைக் கொன்றுவிடும். டீசலையும் இப்படி வைக்கக் கூடாது.

டீசலில் எத்தனை கே.வி.ஏ. (ஜெனரேட்டரின் திறனைச் சொல்லும் அளவு) வேண்டும்? முதலில் கூட்டிப் பாருங்கள். 20 வாட் லைட் 30, ஃபேன் 15, கம்ப்யூட்டர் 4, மருந்து ஃபிரிட்ஜ் 2, ஒரு ஹெச்.பி. மோட்டார். எல்லாம் சேர்ந்து சுமார் 3.7 கிலோவாட். 5 கே.வி.ஏ. செட் 4 கிலோவாட்தான் தரும். மோட்டார் கிளம்பும்போது வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும், அப்போது திணறும். ஆகவே 7.5. அதற்காக 25 கே.வி.ஏ. வாங்கிப் போட்டு நாலு லைட்டுக்கு ஓட்டாதீர்கள், குறைந்த லோடில் ஓடும் டீசல் இன்ஜினில் கரி பிடிக்கும். 1,500 சுற்றில் ஓடும் செட்டா என்று கேட்டு வாங்குங்கள், நாள் முழுக்க ஓட அதுதான் தாங்கும்.

கட்டடத்துக்கு மூன்று ஃபேஸ் வந்தாலும் இந்த அளவில் பெரும்பாலும் சிங்கிள் ஃபேஸ் செட்தான் வாங்குவார்கள். அதனால் ஜெனரேட்டரில் ஓட வேண்டியதை மட்டும் பிரித்துத் தனி டி.பி.யில் (கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டியில்) கொண்டுவர வேண்டும். ஏ.சி.யை அதில் சேர்க்காதீர்கள். பில் கம்ப்யூட்டருக்கு மட்டும் ஒரு சின்ன யு.பி.எஸ். வைத்துக்கொண்டால் செட் கிளம்பும் வரை தாங்கும்.

எதை வாங்கினாலும், ஈ.பி. கரண்ட், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டும் கட்டடத்தோடு இணைக்கும் சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் இல்லாமல், பிளக்கில் வயரைச் சொருகி கட்டடத்துக்குக் கரண்ட் கொடுக்கவே கூடாது. அது ஈ.பி. லைனுக்குத் திரும்பிப் போய், டிரான்ஸ்பார்மரில் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஏறி, கம்பத்தில் வேலை பார்க்கும் லைன்மேனைத் தாக்கும். நியூட்ரலையும் சேர்த்து மாற்றும் ஸ்விட்ச் போடுங்கள். எர்த்தையும் செட்டுக்குத் தனியாக, லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்து அடியுங்கள். ஐப்பசி மழையில் தெருவில் தண்ணீர் எவ்வளவு நிற்கும் என்று அக்கம்பக்கத்தில் கேட்டு, அதற்கு மேலே கான்கிரீட் மேடை கட்டி செட்டை வையுங்கள்.