வேலை, குடும்பம், டிஸ்லெக்சியா: மறுபடி படிக்க எங்கே சேரலாம்?

கிங் ஆல்பர்ட் பார்க் எம்ஆர்டியில் இறங்கி கிளமெண்டி சாலையில் நடந்தால் மூன்று வாய்ப்புகளும் வரிசையாக வந்துவிடும். முதலில் நீ ஆன் பலதுறைத் தொழிற்கல்லூரி. கொஞ்சம் தள்ளி, சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகமும் எஸ்ஐஎம் (சிங்கப்பூர் மேலாண்மைக் கழகம்) நிலையமும் ஒட்டினாற்போல் இருக்கும். பகுதிநேர டிப்ளோமா, பகுதிநேரப் பட்டம், எஸ்ஐஎம் வழியாக லண்டன் பல்கலைக்கழகப் பட்டம் என்று மூன்று வகைப் படிப்பும் அந்த ஒரே சாலையில் கிடைக்கிறது. டிஸ்லெக்சியா (எழுத்தை வாசிப்பதில் வரும் சிரமம்) இருக்கும் ஒருவர் நாற்பதை ஒட்டிய வயதில் மறுபடி படிக்க நினைத்தால் இந்த மூன்றில் எதை எடுப்பது?

நான் பலதுறைத் தொழிற்கல்லூரியில் பகுதிநேர டிப்ளோமா எடுத்தேன். என் சாய்வும் அந்தப் பக்கம்தான். சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தைப் பற்றி நான் சொல்வது, எங்கள் கிடங்கில் என்னோடு வேலை செய்யும் தம்பி ஒருவர் அங்கே படிப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்த அளவில். லண்டன் படிப்பைப் பொறுத்தவரை விசாரித்து, பழைய வினாத்தாள்களைப் புரட்டிப் பார்த்ததோடு சரி.

பணம், தூரம் எல்லாம் எல்லாரும் கணக்குப் போடுவதுதான். நாற்பது வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூரர்களுக்கு 2024 மே மாதம் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் என்ற அரசுத் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் வந்த 4,000 வெள்ளியைப் பகுதிநேர டிப்ளோமாவுக்கும் உள்ளூர்ப் பல்கலைக்கழகப் பட்டத்துக்கும் பயன்படுத்த முடியும். மூன்றிலும் மாலை வகுப்பு உண்டு. டிஸ்லெக்சியா உள்ள நம்மைப் போன்றவர்களுக்கு முடிவைத் தீர்மானிக்கும் விஷயம் வேறு: பாடத்தைக் காதால் கேட்க முடியுமா?

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். டிஸ்லெக்சியா உள்ளவருக்கு எழுத்தைச் சொல்லாக மாற்றுவதிலேயே உழைப்பெல்லாம் போய்விடுகிறது, பொருளைப் பிடிக்க மிச்சம் இருப்பதில்லை. நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு இரவு உட்கார்ந்து ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தும் மண்டையில் ஏறவில்லை என்றால் அது சோம்பல் இல்லை, புத்திக்குறைவும் இல்லை. அதே பக்கத்தை ஒருவர் வாசித்துக் காட்டினால் பளிச்சென்று புரிகிறது. (தமிழில் எழுத்துக்கும் ஒலிக்கும் உறவு ஆங்கிலத்தைவிட நேரானது. அதனால் தமிழில் பிழை குறைவாக வரும், வேகம் மட்டும் குறையும். ஆனால் இங்கே பாடமெல்லாம் ஆங்கிலத்தில்.) இப்போது வாசித்துக் காட்ட இன்னொரு ஆள் தேவையில்லை. எட்ஜ் உலாவியிலும் வேர்டிலும் உரக்க வாசிக்கும் வசதி இலவசமாகவே இருக்கிறது. காதில் மாட்டிக்கொண்டால் ஜூரோங்கிலிருந்து வீட்டுக்கு வரும் ரயில் நேரமே படிப்பு நேரமாகிவிடும்.

ஆனால் அதற்குப் பாடக்குறிப்பு உண்மையான எழுத்தாக இருக்க வேண்டும். புத்தகப் பக்கத்தைப் படமாக ஸ்கேன் செய்து அனுப்பினால் கணினிக்கு அது வெறும் படம், வாசிக்காது. டிப்ளோமாவுக்கு முன்னால் ஒரு குறுகியகால வகுப்பில் (எங்கே என்பது வேண்டாம்) குறிப்புகள் எல்லாமே அப்படித்தான் வந்தன. படத்தை எழுத்தாக மாற்றும் செயலிகள் உண்டு. ஆனால் ஓரத்தில் பேனாவில் கிறுக்கியிருந்தாலோ பக்கம் சாய்ந்திருந்தாலோ அவை உளறிவிடும். அட்டவணைக்கும் காது உதவாது. கட்டம் கட்டமாக எண்ணை வாசித்துக்கொண்டு போனால் எது எந்த வரிசை என்றே தெரியாது. 68ஐ 86 என்று பார்த்துவிடும் கண்ணுக்கு, எக்செல்லில் தானே கை வைத்துப் போடும் பயிற்சிதான் வழி.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தபோது எனக்கு டிப்ளோமா முன்னால் நின்றது. பெரும்பாலான பாடங்கள் ஸ்லைடுகளாக வருகின்றன. ஒரு ஸ்லைடில் நாலைந்து வரி, அவை எழுத்தாகவே இருக்கின்றன. மதிப்பெண்ணில் நல்ல பங்கு குழு வேலை, செய்முறை, வகுப்பில் நின்று பேசுவது என்று பிரிந்துவிடுகிறது. வாயால் விளக்குவதில் நம்மில் பலர் தேறியவர்கள், வருடக்கணக்காக அதை வைத்துத்தான் வேலையிடத்தில் சமாளித்திருக்கிறோம். வகுப்பிலேயே ஒரு நிறுவனத்தின் கதையைக் கொடுத்து, பத்து நிமிடத்தில் படித்துவிட்டுப் பேசச் சொல்வதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. விரிவுரையாளரிடம் தனியாகப் பேசியதும் முந்தின நாளே அனுப்ப ஆரம்பித்தார். கேட்டால் பெரும்பாலும் செய்கிறார்கள்.

இன்னொரு வசதியும் உண்டு. பகுதிநேர டிப்ளோமா பல சிறு சான்றிதழ்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு பகுதியையும் முடிக்கும்போது ஒரு சான்றிதழ் கையில். நடுவில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, வேலையில் ஷிஃப்ட் மாறிவிட்டது என்று நிறுத்த நேர்ந்தாலும் முடித்தது வீணாகாது. ஒரு காலத்தில் படிப்பைப் பாதியில் விட்டவர்களுக்கு இது எவ்வளவு பெரிய தைரியம் என்பது சேர்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நைடெக் என்ற தொழிற்கல்விச் சான்றிதழ் முடித்து வேலை அனுபவம் இருப்பவர்களும் நுழையலாம்.

சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தைக் குறைத்துச் சொல்ல முடியாது. 2005இல் யூனிசிம் என்று தொடங்கியதே வேலை செய்பவர்களுக்காகத்தான். 2017இல் நாட்டின் ஆறாவது தன்னாட்சிப் பல்கலைக்கழகமானது. பாட வழிகாட்டிகள் மின்னூலாக வருவதால் காதால் கேட்பதில் சிக்கல் இல்லை. இந்த ஒன்றில் அது டிப்ளோமாவுக்குச் சமம், சில பாடங்களில் மேல் என்றுகூடச் சொல்லலாம். என்னை யோசிக்க வைத்தது அளவு. தம்பியின் வழிகாட்டி ஒவ்வொன்றும் தடிமன். பாடங்கள் சில வாரங்களிலேயே முடிந்துவிடுவதால் ஒரு வாரம் பின்தங்கினால் அப்புறம் எழுந்திருப்பது கடினம். நடுவில் எழுத்து ஒப்படைப்பு, கடைசியில் தேர்வோ பெரிய கட்டுரையோ. அவருக்கு டிஸ்லெக்சியா இல்லை, அவரே மூச்சு வாங்குகிறார். ஆனால் கையில் ஏற்கெனவே டிப்ளோமா இருப்பவர் இன்னொரு டிப்ளோமா எடுக்க வேண்டியதில்லை. அவருக்கு இதுதான் சரியான இடம், பாடங்களைக் குறைவாக எடுத்துக்கொண்டு மெதுவாகப் போகலாம்.

லண்டன் பட்டத்துக்கு மதிப்பு உண்டு. ஆனால் பெரும்பாலான பாடங்களில் கல்வியாண்டின் கடைசியில் வரும் எழுத்துத் தேர்வுதான் எல்லாம். கட்டுரை கட்டுரையாக எழுத வேண்டும். சான்று காட்டினால் கூடுதல் நேரம் தருகிறார்கள் என்பது உண்மை. என்றாலும் ஒரு வருட உழைப்பு முழுவதையும் நம் பலவீனமான இடத்தில் கொண்டுபோய் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

எங்கே சேர்ந்தாலும் பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு வாரப் பாடக்குறிப்பைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஒரு வரியின் மேல் மவுஸை இழுத்து அந்த வரி நிறம் மாறினால் எழுத்து, மாறாவிட்டால் படம். அப்புறம், தேர்வைக் கணினியில் நடத்துவார்களா, அப்படி என்றால் எந்த மென்பொருளில் என்று கேளுங்கள். சில தேர்வு மென்பொருள்கள் மற்ற செயலிகளை எல்லாம் மூடிவிடும், வாசித்துக்காட்டும் வசதியும் சேர்ந்து போய்விடும். அதை அனுமதிக்கச் சொல்லி முன்கூட்டியே எழுதிக் கேட்டு வாங்க வேண்டும்.

அதற்கு உளவியலாளரின் அறிக்கை வேண்டும். இப்போது தொடக்கப்பள்ளிகளில் டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகளுக்குத் தனி வகுப்பே நடக்கிறது. 2012இல் தொடங்கி 2016க்குள் எல்லாத் தொடக்கப்பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. எங்கள் தலைமுறை அதற்கெல்லாம் முன்பே பள்ளியை விட்டு வந்துவிட்டது. பிள்ளையைப் பரிசோதித்த பிறகுதான் நம்மில் பலருக்குத் தன்னைப் பற்றிய சந்தேகமே வந்தது, எனக்கும் அப்படித்தான். கையில் காகிதம் இல்லாமல் வாயால் சொன்னால் கூடுதல் நேரம் கிடைக்காது. 1991இல் தொடங்கிய சிங்கப்பூர் டிஸ்லெக்சியா சங்கம் பெரியவர்களுக்கும் பரிசோதனை செய்கிறது, தனியார் உளவியலாளர்களும் இருக்கிறார்கள். முன்பதிவு செய்து, பரிசோதனை முடிந்து, அறிக்கை கைக்கு வர நாளாகும். பகுதிநேர டிப்ளோமாக்கள் ஏப்ரலிலும் அக்டோபரிலும் தொடங்குகின்றன. விண்ணப்பம் திறக்கும் வரை காத்திருக்காமல் அதற்குப் பல மாதம் முன்பே பரிசோதனைக்கு நேரம் வாங்கிவிடுங்கள். அறிக்கை வந்ததும், வகுப்பு தொடங்குவதற்கு முன்பே, கல்லூரியில் சிறப்புத் தேவை உள்ள மாணவர்களைக் கவனிக்கும் அலுவலகத்தில் அதன் நகலைக் கொடுத்துவிடுங்கள்.