பீக்கோ டிரெயில்: தவணை முறையில் நடந்தவனின் கணக்கு

கண்டிக்கு மேலே ஹந்தானையில் உள்ள தேயிலை அருங்காட்சியகத்தில் தொடங்கி நுவரெலியாவில் முடிகிறது பீக்கோ டிரெயில் என்ற இலங்கை மலையக நடைபயணப் பாதை. 300 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், 22 பகுதிகள். கொழும்பில் வேலை பார்க்கும் எனக்கு ஒரே மூச்சில் நடந்து முடிக்க விடுமுறை ஏது? போயா தினம் (பௌர்ணமி விடுமுறை) சனி ஞாயிறோடு ஒட்டி வரும்போதெல்லாம் ஒன்று, இரண்டு என்று தவணை கட்டுவதுபோல் நடந்து, 3 ஆண்டுகளில் 13 பகுதிகளை முடித்திருக்கிறேன்.

தொடக்கத்தில் வரிசை எண்ணைப் பிடித்துக்கொண்டு நடந்தது என் முட்டாள்தனம். ஜூன் மாதத்தில் வட்டகொடைப் பக்கம் போய், தென்மேற்குப் பருவமழையில் இரண்டு நாள் ஊறினேன். அதே நாளில் அப்புத்தளையிலிருந்து நண்பன் அனுப்பிய படத்தில் வெயில் கொளுத்தியது. இப்போது எண்ணைப் பார்ப்பதில்லை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அப்புத்தளை, பதுளை இருக்கும் ஊவாப் பக்கம். ஜனவரி கடைசி முதல் மார்ச் வரை கண்டி, அட்டன் பக்கம். பல பகுதிகளுக்குப் பதுளை ரயிலில் போய் இறங்கலாம் என்பதால் இப்படி முன்பின்னாக நடப்பதில் சிரமம் இல்லை.

மிகவும் பிடித்தது கலஹாவிலிருந்து லூல்கந்துர போகும் இரண்டாம் பகுதி. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட தோட்டம் அது. அவர் உட்கார்ந்து மலையைப் பார்த்த கல்லைக் காட்டுகிறார்கள். அந்தக் காட்டை வெட்டித் திருத்தியவர்கள் எங்கே உட்கார்ந்தார்கள் என்று சொல்லும் பலகை எதுவும் என் கண்ணில் படவில்லை. கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை கால்நடையாக வந்தவர்கள் அவர்களைப் போன்ற தொழிலாளர்கள். அந்த நடைக்குத் தவணை கிடையாது.

பெரும்பாலும் தோட்டத்துப் பாதைகள்தாம். ஏற்றத்தில் மூச்சு வாங்கும். கயிறு பிடித்து ஏறும் இடம் எதையும் நான் இதுவரை பார்க்கவில்லை. பாதை இரண்டாகப் பிரியும் ஓரிடத்தில் வழிகாட்டும் அடையாளத்தைப் புதர் மூடியிருந்தது, கைபேசியில் சிக்னலும் இல்லை. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர், கவ்வாத்து வெட்டிய (தேயிலைச் செடிகளைக் கத்தரித்த) மலையைச் சுற்றிப் போனால் லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) பக்கத்தில் பாதை கிடைக்கும் என்றார். பஸ் ஓடும்போது எதற்குத் தம்பி நடக்கிறீர்கள் என்றும் கேட்டார். கூடையோடு நாள் முழுக்க அதே சரிவில் ஏறி இறங்குகிறவரிடம் என்ன பதில் சொல்வது? சிரித்து மழுப்பிவிட்டு நடந்தேன்.

பொருட்களில், விலை கொடுத்து வாங்கிய நீர்புகாச் சப்பாத்துதான் (ஷூ) பெரிய ஏமாற்றம். உள்ளே போன தண்ணீர் வெளியே வரவில்லை. சாதாரண ஓட்டச் சப்பாத்து சீக்கிரம் காய்கிறது. மழைக்கோட்டுக்குள் வியர்த்து நனைவதைவிடக் குடை மேல். இரத்தம் குடிக்கும் அட்டை ஏறாமல் இருக்க முழங்கால் வரை காலுறை அணிந்து, அதன்மேல் சவர்க்காரத்தை (சோப்பை)த் தேய்த்துக்கொள்கிறேன். முழுக்க நிற்காது, பாதியாவது குறையும்.

தங்குமிடத்தை முதல் நாள் தொலைபேசியில் மறுபடி உறுதி செய்துகொள்ளுங்கள். ஓரிடத்தில் முன்பணம் வாங்கிக்கொண்டு என் அறையை வேறொருவருக்குக் கொடுத்திருந்தார்கள். இருட்டில் ஆட்டோ பிடித்து அடுத்த ஊருக்குப் போக வேண்டியதாயிற்று.

மீதி 9. பெப்ரவரிப் போயாவுக்கு நோர்வூட் பக்கம் போவதாக இருக்கிறேன்.