ரீப்ரீதர் டைவ் பதிவில் சிலிண்டர் அழுத்தம்: எந்தக் கணிப்பை நம்பலாம்?

டைவ் முடிந்து கரையேறியதும் பதிவு மென்பொருளில் நாம் தட்டுவது பெரும்பாலும் இரண்டே எண்கள்தான்: தொடக்க அழுத்தம், முடிவு அழுத்தம். நடுவில் சிலிண்டரில் எவ்வளவு இருந்தது என்பதை மென்பொருளே ஊகித்துக் கோடு வரைந்துவிடும். சாதாரண ஸ்கூபாவில் அந்த ஊகம் நன்றாகவே பலிக்கிறது. விட்ட மூச்சையே சுத்திகரித்துத் திரும்ப இழுக்கவைக்கும் ரீப்ரீதருக்கு அதே சூத்திரத்தைப் போட்டால் படம் அழகாக வரும், எண்கள் தப்பாக இருக்கும். கணிப்பு முறையை டைவுக்கு ஒன்று என்று வைக்காமல் சிலிண்டருக்கு ஒன்று என்று வைக்க வேண்டும் என்பது என் கட்சி. ஏன் என்று ஓர் உதாரணத்தை வைத்துப் பார்ப்போம்.

முதலில் அடிப்படை. ஓப்பன் சர்க்யூட்டில், அதாவது சாதாரண ஸ்கூபாவில், விட்ட மூச்சு குமிழியாகப் போய்விடுகிறது. 40 மீட்டரில் சுற்றழுத்தம் 5 பார், அதனால் மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவர் அங்கே 100 லிட்டர் செலவழிப்பார். முழு மூடிய சுற்று ரீப்ரீதரில் (நாம் சிசிஆர் என்று சொல்வது) விட்ட மூச்சு, கரியமில வாயுவை உறிஞ்சும் சுண்ணாம்புக் கேனிஸ்டர் வழியாகத் திரும்பி வருகிறது. உடம்பு எரித்த ஆக்சிஜனை மட்டும் ஈடுகட்டினால் போதும். மிதமாக நீந்தும்போது அது நிமிடத்துக்குச் சுமார் 1 லிட்டர். 5 மீட்டரானாலும் 50 மீட்டரானாலும் அதேதான். இன்னொரு சிலிண்டரில் இருக்கும் டைல்யூவென்ட்டின் (ஆக்சிஜனை நீர்க்கச் செய்யும் வாயு) வேலை வேறு: இறங்கும்போது நசுங்கும் சுற்றின் கொள்ளளவை நிரப்புவது.

இப்போது உதாரண டைவ். இரண்டும் 2 லிட்டர் சிலிண்டர்கள், இரண்டிலும் 200 பார். டைல்யூவென்ட் சாதாரணக் காற்று. 3 நிமிடத்தில் 40 மீட்டர், 25ஆம் நிமிடம் வரை அங்கேயே. பிறகு 4 நிமிடத்தில் 9 மீட்டருக்கு ஏறி, 9லும் 6லும் நின்று 60ஆம் நிமிடம் வெளியே. ஆழத்தில் செட்பாயின்ட் (கருவி பிடித்து வைக்கும் ஆக்சிஜன் பகுதியழுத்தம்) 1.3 பார். நுரையீரலும் காற்றுப்பைகளும் சேர்த்துச் சுற்று 8 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். முடிவில் ஆக்சிஜன் 160 பார், டைல்யூவென்ட் 170 பார்.

களத்தில் முதலில் வருவது ஆழத்தையும் நேரத்தையும் பெருக்கிப் பங்கிடும் முறை. ஓப்பன் சர்க்யூட்டுக்கு இதைவிட நல்லது கிடையாது. நம் டைவில் 25ஆம் நிமிடத்துக்குள் மொத்தச் செலவில் சுமார் 64 சதவீதம் போய்விட்டது என்று இது சொல்லும். அதாவது ஆக்சிஜன் 174 பார். உண்மையில் அதுவரை உடம்பு எரித்தது 25 லிட்டர்கூட இல்லை. இறங்கும்போது ஆழம் கூடுவதாலேயே ஆக்சிஜன் பகுதியழுத்தமும் கூடிவிடும், ஆக்சிஜனைச் செலுத்தும் மின்வால்வான சொலினாய்டு கிட்டத்தட்ட சும்மாவே இருக்கும். ஆக, சிலிண்டர் இருந்திருக்க வேண்டிய இடம் 188 பார் பக்கம். மொத்தச் செலவே 40 பார் இருக்கும்போது 14 பார் பிழை என்பது சின்ன விஷயம் இல்லை.

அடுத்தது நேர்கோடு. தொடக்கத்தையும் முடிவையும் ஒரு கோட்டால் இணைத்துவிடுவது. லினஸ் டோர்வால்ட்ஸ் 2011இல் தொடங்கிய சப்சர்ஃபேஸ் என்ற கட்டற்ற மென்பொருள் இந்த இரண்டு வழிகளையும் வைத்திருக்கிறது: ஓப்பன் சர்க்யூட் என்றால் ஆழக் கணக்கு, சிசிஆர் என்றால் நேர்கோடு. செலவு ஆழத்தைச் சார்ந்தது இல்லை என்பதால் எடுத்த முடிவு அது. ஆக்சிஜனுக்கு அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். நம் டைவின் 25ஆம் நிமிடத்தில் நேர்கோடு 183 பார் காட்டும். பிழை 5 பார், சின்ன முள் கேஜில் படிக்கும்போதே வரக்கூடிய பிழை.

ஆனால் ஆக்சிஜன் கோடும் முழுக்க நேராக இருக்காது. ஏறும்போது சுற்றில் இருக்கும் வாயு விரிந்து வெளியேறும், ஆக்சிஜனும் சேர்ந்தே போகும், பகுதியழுத்தம் விழும். செட்பாயின்ட்டைப் பிடித்து வைக்க சொலினாய்டு அடித்துக்கொண்டே இருக்கும். 40இலிருந்து 9 மீட்டர் வரும் அந்த 4 நிமிடத்தில் உடம்பு எரிப்பது 4 லிட்டர்தான். வெளியேறியதை ஈடுகட்ட மட்டும் 19 லிட்டர் வரை தேவைப்படலாம். ஆழத்தில் 22 நிமிடம் நீந்தியதற்கு ஈடான செலவு, 4 நிமிட ஏற்றத்தில். நேர்கோடு இந்த மடிப்பைக் காட்டாது. இருந்தாலும் ஏற்றத்துக்கு முன்னால் கொஞ்சம் குறைத்தும் பின்னால் கொஞ்சம் கூட்டியும் காட்டி, கிட்டத்தட்டச் சரிசெய்துகொள்கிறது.

டைல்யூவென்ட்டில் நேர்கோடு அடி வாங்குகிறது. 3 நிமிட இறக்கத்தில் அழுத்தம் 1 பாரிலிருந்து 5 பார் ஆகிறது. 8 லிட்டர் சுற்றை நிரப்ப மட்டும் 32 லிட்டர். மிதவைப் பையான விங்குக்கும் இதே சிலிண்டர்தான் என்றால் இன்னொரு 20 லிட்டர் போகும். ஆக 3ஆம் நிமிடத்திலேயே 174 பாருக்கு வந்தாகிவிட்டது. அதன் பிறகு மாஸ்க் தண்ணீர் வெளியேற்றுவது போன்ற சில்லறைச் செலவுதான். படத்தில் பார்த்தால் ஒரு செங்குத்தான இறக்கம், பிறகு நீண்ட சமதளம். நேர்கோடோ 3ஆம் நிமிடத்தில் 198.5 பார் காட்டும். ஆழக் கணக்கும் அதே 198.5தான். 25ஆம் நிமிடத்தில் நேர்கோடு 187, ஆழக் கணக்கு 181, நிஜம் 172 அளவில். ஆழக் கணக்கு இங்கே நேர்கோட்டைவிடக் கிட்டே வந்தது தற்செயல். இதை வைத்து அதற்கு மதிப்பெண் போடக் கூடாது.

டைல்யூவென்ட்டுக்கு நான் பரிந்துரைப்பது மூன்றாவது வழி: ஆழம் கூடிய தருணங்களில் மட்டும் செலவைப் பங்கிடுவது. பதிவின் ஒவ்வொரு ஆழ மாதிரிக்கும் முந்தையதைவிட எவ்வளவு ஆழம் கூடியது என்று பார்த்து, கூடியிருந்தால் சேர்த்துக்கொண்டே போய், மொத்தச் செலவை அந்த விகிதத்தில் பிரிக்க வேண்டும். சுற்றின் கொள்ளளவு தெரிய வேண்டிய அவசியம்கூட இல்லை, விகிதத்தில் அது அடிபட்டுப் போகும். கப்பல் சிதைவுக்குள்ளும் குகையிலும் மேலும் கீழுமாகப் போகும் டைவ்களில் ஒவ்வொரு மறு இறக்கமும் டைல்யூவென்ட்டைத் தின்னும். அதை இந்த முறை மட்டுமே பிடிக்கும். குறையும் உண்டு. ஆக்சிஜன் சென்சாரைச் சோதிக்க 40 மீட்டரில் ஒரு தடவை டைல்யூவென்ட் ஃபிளஷ் செய்தால் (சுற்றை முழுக்க டைல்யூவென்ட்டால் அலசினால்) 40 லிட்டர் போகலாம், அதாவது 20 பார். ஆழக் கோட்டில் அதற்குத் தடயமே இருக்காது. ஆக்சிஜன் பகுதியழுத்தப் பதிவில் திடீர்ச் சரிவு தெரியும், கவனமுள்ள மென்பொருள் அதைப் பிடித்துக்கொள்ளலாம்.

ரீப்ரீதர் பழுதானால் மாறிக்கொள்ளும் பெயில்அவுட் சிலிண்டருக்கு ஆழக் கணக்குதான், ஏனென்றால் அதில் மூச்சு விடுவது ஓப்பன் சர்க்யூட்டில். அதுவும் பெயில்அவுட்டுக்கு மாறிய நிமிடத்திலிருந்து மட்டும். பழைய டிராகர் டால்ஃபின் போன்ற அரைமூடிய கருவிகளில் சிறு துளை வழியாக ஒரே அளவில் வாயு பாய்ந்துகொண்டே இருக்கும். அங்கே நேர்கோட்டுக்கு மேல் எதுவும் வேண்டாம்.

இவ்வளவு பேசியும், தொடக்க எண்ணே தப்பாக இருந்தால் எந்த முறையும் உதவாது. நிரப்பிய சூட்டில், 40 டிகிரியில், 200 பார் என்று குறித்துக்கொண்ட சிலிண்டர் 20 டிகிரித் தண்ணீரில் 187க்கு வந்துவிடும், ஒரு மூச்சுகூட இழுக்காமலேயே. 12 லிட்டர் ஸ்கூபா சிலிண்டரில் 150 பார் செலவழிப்பவருக்கு 13 பார் கண்ணில் படாது. மொத்தமே 40 பார் செலவாகும் சிசிஆரில் அது மூன்றில் ஒரு பங்கு. சிலிண்டர் ஆறிய பிறகு, தண்ணீரில் இறங்குவதற்குச் சற்று முன் பார்த்த எண்ணையே பதியுங்கள்.

சிலிண்டர் அழுத்தத்தை டைவ் கணினிக்கு அனுப்பும் டிரான்ஸ்மிட்டர் இருந்தால் இந்தத் தர்க்கமே வேண்டாம் என்பார்கள். பாதி உண்மை. பொசைடன் எம்கே6 என்ற ரீப்ரீதர் இரண்டு சிலிண்டர்களின் அழுத்தத்தையும் தானே அளந்து பதிகிறது, அந்தக் கோடுகளோடு எந்தக் கணிப்பும் போட்டியிட முடியாது. ஆனால் கம்பியில்லா டிரான்ஸ்மிட்டரின் சிக்னல் அவ்வப்போது விட்டுப்போகும். சமதளத்தில் விட்ட இடைவெளியை நேர்கோட்டால் நிரப்பலாம், எந்தச் சிலிண்டரானாலும் சரி. இறக்கத்தின் நடுவே விட்டுப்போனால் டைல்யூவென்ட்டுக்கு மூன்றாவது முறையே வேண்டும். நிரப்பிய பகுதியை மென்பொருள் புள்ளிக்கோடாகக் காட்டினால் அளந்தது எது, ஊகித்தது எது என்று பார்த்ததும் தெரியும்.

டிரான்ஸ்மிட்டர் இல்லாதவர்களுக்கு: கீழே போய்ச் சேர்ந்ததும் ஒரு தடவை, ஏறத் தொடங்கும் முன் ஒரு தடவை இரண்டு கேஜையும் பார்த்து ஸ்லேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த நான்கு எண்களை இடைப்புள்ளிகளாக ஏற்கும் மென்பொருளில் டைல்யூவென்ட்டின் செங்குத்தும் ஆக்சிஜனின் மடிப்பும் நேர்கோட்டிலேயே ஓரளவு தெரிந்துவிடும்.