பிறபொருளெதிரி வாங்கினால் குப்பியின் லேபிளைத் தடவிப் பாருங்கள்

கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் ஆய்வு செய்கிற தம்பி தங்கச்சிமாருக்காக எழுதுகிறேன். ஒரு புரதத்தைத் தேடிப் பிடித்துக் காட்டுகிற பிறபொருளெதிரி (antibody) ஒன்றில் எனக்கு 138,000 ரூபாவும் நான்கு மாதமும் போய்விட்டன. உங்களுக்கும் போகக்கூடாது.

எலி மூளையில் கேவி2.1 பொற்றாசியம் கால்வாயைப் பார்ப்பதுதான் என் வேலை. மின்னழுத்தம் மாறும்போது திறக்கிற இந்தக் கால்வாய், நரம்புக்கலத்தின் உடலில் கொத்துக் கொத்தாக இருக்கும். அதற்குப் பலரும் பாவிப்பது கே89/34 என்ற சுண்டெலி மொனோகுளோனல் (ஒரே கலவழியிலிருந்து எடுக்கிற, ஒரே இடத்தைப் பிடிக்கிற பிறபொருளெதிரி). கொழும்பு முகவர் ஒருவரிடம் அதைத்தான் கேட்டேன். பற்றுச்சீட்டிலும் அப்படியே எழுதியிருந்தார்.

வெள்ளி இரவு பஸ்ஸில் ஏற்றிவிட்ட பெட்டி திங்கள்தான் கைக்கு வந்தது. ஐஸ் ஜெல் தண்ணீராகி இளஞ்சூடாகக் கிடந்தது. அன்றே திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். அடுத்ததற்கு இன்னும் மூன்று மாதம் காத்திருக்க மனம் வரவில்லை.

புரதங்களை ஜெல்லில் அளவுப்படி பிரித்து, ஒரு சவ்வுத்தாளுக்கு மாற்றி, பிறபொருளெதிரியால் தேடுகிற வெஸ்டர்ன் புளொட் வெறுமையாக வந்தது. திரும்பச் செய்தேன், அதுவும் வெறுமை. மாதிரியைக் கொதிக்க வைத்ததால் சவ்வுப் புரதம் திரண்டுவிட்டதோ, மின்வெட்டில் உறைபெட்டி இளகிவிட்டதோ என்று ஆறு கிழமை என் கையையே சந்தேகப்பட்டேன். ஒருநாள் குப்பியைத் துடைக்கும்போது லேபிளின் ஓரம் நகத்தில் தட்டியது. உரித்தால் அடியில் இன்னொரு லேபிள்: முயல் பொலிகுளோனல் (பல வகை கலந்த பிறபொருளெதிரி), காலாவதி 2021. முதலாவதில் ஒட்டி அதைக் காட்டித் தருவதுதான் இரண்டாம் பிறபொருளெதிரி. சுண்டெலிக்கானது முயலினுடையதை எப்படிப் பிடிக்கும்?

முகவர் முயலுக்கான இரண்டாவதை அனுப்பி, "இதைப் போட்டுப் பாருங்கோ மிஸ்" என்றார். 95 கிலோ டால்டனில் (புரதத்தின் எடையளவு) ஒற்றைப் பட்டி வந்தது. "95இல வந்திருக்குத்தானே, பிறகென்ன பிரச்சினை?"

பிரச்சினை அங்கேதான். அமினோ அமிலங்களைக் கூட்டினால் ஏறத்தாழ 95 வரும், உண்மை. ஆனால் மூளையில் இந்தப் புரதத்தில் பொசுபேற்று நிறைய ஏறியிருக்கும். ஜெல்லில் 100க்கு மேலே, தடித்து இழுபட்டுத்தான் நிற்கும். பொசுபேற்றைக் கழற்றுகிற நொதியான பொசுபற்றேசு போட்டால் கீழே இறங்கும். எனக்கு வந்த பட்டி அசையவில்லை. இந்தக் கால்வாயை எதிர்பார்க்காத ஈரல் மாதிரியிலும் அதே பட்டி அதே தடிப்பில் இருந்தது. இரண்டாம் பிறபொருளெதிரியை மட்டும் போட்ட சவ்வுத்தாள் சுத்தம்; பட்டி அதனால் வந்ததல்ல. அப்படியென்றால் குப்பிக்குள் இருந்தது வேறு எதையோ பிடிக்கிறது. படங்களை அனுப்பினேன். அதற்குப் பிறகு அவர் போன் எடுப்பதில்லை.

காசு கட்ட முன்னர் குளோன் பெயர், தொகுதி இலக்கம், ஆர்.ஆர்.ஐ.டி (RRID, ஆய்வுப் பொருளுக்கான பொது அடையாள எண்) மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். பெட்டி வந்ததும் தொகுதி இலக்கத்தைத் தயாரிப்பாளருக்கே மின்னஞ்சலில் அனுப்பிக் கேளுங்கள். நான் பிந்திக் கேட்டபோது ஒரே நாளில் பதில் வந்தது. ஏ9 வழியே வருவதென்றால் செவ்வாய்க்கிழமை ஏற்றச் சொல்லுங்கள். முதல் ஜெல்லிலேயே மூளையும் ஈரலும் பக்கத்துப் பக்கத்தில் ஓடட்டும்.

குப்பியை மைனஸ் 20இல் அப்படியே வைத்திருக்கிறேன். இரண்டு லேபிள்களின் படமும் வேண்டியவர்கள் உள்பெட்டியில் கேளுங்கள், அனுப்புகிறேன்.