கால் மெஷினா, மோட்டாரா, ஜிக்ஜாகா? நூலால் படம் போட எது தோது

சாதாரணத் தையலில் ஊசிக்குக் கீழே இருக்கும் பல் துணியைப் பின்னால் தள்ளிக்கொண்டே போகும். நாம் துணியைப் பிடித்துக்கொண்டால் போதும். ஃப்ரீ மோஷன் தையலில் அந்தப் பல்லுக்கு வேலை கிடையாது, துணியை நம் கைதான் நகர்த்த வேண்டும். பேனா ஒரே இடத்தில் நின்று குத்த, காகிதத்தை நகர்த்தி எழுதுவதுபோல. முதல் நாள் என் பெயரை எழுதிப் பார்த்தேன், எறும்பு மை தொட்டு நடந்த மாதிரி இருந்தது.

நான் தையல்காரி இல்லை. கும்பகோணத்தில் பள்ளிக்கூட வேலை, ஞாயிற்றுக்கிழமைத் தையல். மாமியாரின் கறுப்புக் கால் மெஷின் கூடத்தில் கிடந்தது. அப்புறம் ஆசைப்பட்டு மோட்டார் வைத்த வெள்ளை வீட்டு மெஷின் ஒன்று வாங்கினேன். மூன்றாவது, ரவிக்கைக்கு எம்பிராய்டரி போடும் கடையில் இருக்கும் பெரிய ஜிக்ஜாக் மெஷின். கடைக்காரத் தம்பி மதிய நேரத்தில் ஓட்டிப் பார்க்க விட்டார். மூன்றிலும் ஒரே படம்: ஒரு சாண் துணியில் நாற்றங்கால், ஒரு கொக்கு, வாய்க்கால் தண்ணீர், ஓரத்தில் ஒரு தென்னை.

துணியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எந்த மெஷினாக இருந்தாலும் தொளதொளத் துணி சுருங்கி மானத்தை வாங்கும். அடியில் வைக்க விலை கொடுத்து எதையும் வாங்க வேண்டாம். பழைய வேட்டித் துணியை வடிகஞ்சியில் நனைத்து, ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போட்டால் அட்டை மாதிரி நிற்கும். முடித்ததும் அலசிவிட வேண்டும். ஒரு ஐப்பசியில் அலசாமல் அலமாரியில் வைத்தேன். ராமபாணப் பூச்சிக்கு விருந்தாகிவிட்டது.

கால் மெஷினில் பல்லை இறக்க வழியில்லை. தையல் நீளத்தைப் பூஜ்யத்தில் வைத்து, பல்லை மூட எம்பிராய்டரித் தகட்டைப் போட்டு, துணியை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டைக் கழற்றிவிட்டேன். வளையத்தில் துணியை மாட்டுவதும் கைத்தையலுக்கு நேர் எதிர். துணி வளையத்தின் அடிப்பக்கத்தில், மெஷின் தட்டோடு ஒட்டிக் கிடக்க வேண்டும்.

இதன் பெருமை வேகம் இல்லாததுதான். என் மெஷினில் ஒரு மிதிக்குச் சுமார் 4 தையல் விழுகிறது. நிதானமாக நிமிடத்துக்கு 60 மிதி என்றால் 240 தையல். ஒரு தையல் 2 மில்லிமீட்டர் என்று வைத்தால், நிமிடத்துக்கு 48 சென்டிமீட்டர் துணி நகர்ந்தால் போதும். கொக்கின் கழுத்து வளைவில் ஒவ்வொரு குத்தையும் பார்த்துப் பார்த்து வைக்க முடிந்தது. நாற்றுக்கு வேண்டிய குட்டிக் குட்டிக் கோடுகளும் அப்படித்தான்: மேலே இரண்டு குத்து, கீழே இரண்டு குத்து. சக்கரம் பின்பக்கம் சுற்றிவிட்டால் மட்டும் நூல் படக்கென்று அறும். முதல் வாரம் பாதி நேரம் ஊசியில் நூல் கோர்த்ததிலேயே போனது. மழைக்காலத்தில் மெஷினுக்கு எண்ணெய் விடாமல் இருந்தால் துரு வந்து உட்காரும், அதையும் கவனிக்க வேண்டும்.

கரண்ட் வேண்டாம் என்பதும் இந்தப் பக்கத்தில் சின்ன விஷயமில்லை. 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் கரையைக் கடந்த பிறகு பட்டுக்கோட்டைப் பக்கம் என் நாத்தனார் வீட்டில் பல நாள் மின்சாரம் கிடையாது. அந்த வீட்டில் ஓடிய ஒரே மெஷின் காலால் மிதிப்பதுதான்.

வீட்டு மோட்டார் மெஷின் வேறு ஜாதி. ஒரு பொத்தானைத் தள்ளினால் பல் இறங்கிவிடும். துணியை இறுக்கிப் பிடிக்காமல் ஊசியோடு ஏறி இறங்கும் டார்னிங் ஃபுட்டை மாட்டினால் வளையம்கூட அவசியமில்லை. ஆனால் பெடலை அழுத்தினால் நிமிடத்துக்கு 800 தையல் வரை பாயும். அதே 2 மில்லிமீட்டர் கணக்கில் நிமிடத்துக்கு 1.6 மீட்டர் துணியை நாம் நகர்த்த வேண்டும். வளைவில் அந்த வேகத்துக்குக் கை ஈடு கொடுக்காது. பதறிப்போய்க் கையை இழுத்தால் துணியின் பின்பக்கத்தில் கண்ணிமை மயிர் மாதிரி நூல் வளையங்கள் தொங்கும். நூலின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் டென்ஷனைத் திருகித் திருகிப் பார்த்தேன். கோளாறு டென்ஷனில் இல்லை, என் கையில்.

தண்ணீர் போடும்போதுதான் இந்த மெஷினின் அருமை தெரிந்தது. குறுவைக்காக ஜூன் 12-இல் மேட்டூரைத் திறப்பது வழக்கம். கல்லணை தாண்டி எங்கள் வாய்க்காலுக்கு வரும் புதுத்தண்ணீர் கலங்கலாக, நுரையும் சருகுமாக ஓடும். அதற்கு நீளமான, நிற்காத அலைக்கோடு வேண்டும். கால் மெஷினில் அந்தக் கோடு தயங்கித் தயங்கி வந்தது. மோட்டாரில் ஒரே மூச்சில் ஓடியது. பழுப்பு, சந்தனம், கொஞ்சம் சாம்பல் என மூன்று நூலை மாற்றி மாற்றி ஓட்டினேன். என் படத்தில் உண்மையிலேயே நனைந்த மாதிரித் தெரிவது அந்த இடம் மட்டும்தான்.

ஒரு விபத்தையும் சொல்ல வேண்டும். தென்னந்தண்டுக்காகத் திருபுவனம் பட்டின் வெட்டுத்துண்டு ஒன்றை ஒட்டி, அதன்மேல் தைத்தேன். ஃபுட் லீவரைக் கீழே இறக்க மறந்துவிட்டேன். லீவர் மேலே இருந்தால் டென்ஷன் தட்டுகள் நூலைப் பிடிக்காது. அடியில் காக்கைக் கூடு கட்டிவிட்டது. பிரித்தபோது பட்டும் கிழிந்தது. ஃபுட்டே மாட்டாமல் தைத்தாலும் லீவரை இறக்கித்தான் ஆக வேண்டும். இது கால் மெஷினுக்கும் பொருந்தும்.

இப்போது கடையின் ஜிக்ஜாக். வலது முழங்காலுக்குப் பக்கத்தில் ஒரு லீவர். அதைத் தள்ளத் தள்ள ஊசி இடமும் வலமும் அகலமாக ஆடும், விட்டால் ஒற்றைக் கோடாகிவிடும். பாதம் வேகத்துக்கு, முழங்கால் அகலத்துக்கு, கை திசைக்கு. எனக்கு முதல் அரைமணி நேரம் மூன்றும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டன.

"டீச்சர், முழங்காலை நினைக்காதீங்க. இலையை நினைங்க, கால் தானா போகும்" என்றார் தம்பி.

"உனக்குப் போகும்ப்பா. நான் இலையை நினைச்சா இங்கே வாழைக்காய் வருது" என்றேன்.

ஆனால் அவர் ஓட்டினால் பார்த்துக்கொண்டே இருக்கலாம். தென்னங்கீற்றின் ஒவ்வோர் இலையும் நுனியில் மெலிந்து, நடுவில் பருத்து, மறுபடி மெலியும். என் வீட்டு மெஷினிலும் ஜிக்ஜாக் உண்டு. ஆனால் அகலத்தை மாற்ற ஒரு கையை எடுத்துக் குமிழைத் திருக வேண்டும், அந்த நேரத்தில் துணியை யார் நகர்த்துவது? அடைத்துப் போடும் சாட்டின் வேலைக்கு முழங்கால் லீவரை மிஞ்ச ஒன்றும் இல்லை. குறை, மேஜையோடு சேர்ந்த அதன் உருவம். கிளட்ச் மோட்டார் தைக்காதபோதும் உறுமிக்கொண்டே இருக்கும். எங்கள் கூடத்தில் அதை வைத்தால் மாமியார் வெளியே போக வேண்டும், அல்லது நான்.

கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷினைச் சேர்க்கவில்லையே என்று கேட்பீர்கள். அதில் கைக்கு வேலையே இல்லை, அது அச்சு.

ஆக, வாங்க நினைப்பவருக்கு என் யோசனை: வீட்டில் பழைய கால் மெஷின் இருந்தால் முதலில் அதில் மூன்று மாதம் ஓட்டுங்கள். தகடும் வளையமும்தான் செலவு. மோட்டார் மெஷின்தான் வாங்குவதென்றால், கடையிலேயே பல்லை இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். பெடலை லேசாகத் தொட்டால் ஊசி ஒவ்வொரு குத்தாக இறங்குகிறதா என்றும் பாருங்கள். தொட்டவுடன் பாய்ந்தால் எனக்கு அது வேண்டாம். பெரிய ஜிக்ஜாக், இதையே தொழிலாகச் செய்ய நினைப்பவருக்கு.

தஞ்சாவூரில் தேருக்குத் தொம்பை (தேரில் தொங்கவிடும் துணிக் குழல்) தைப்பவர்களின் வெட்டி ஒட்டும் வேலையைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து எனக்கு வேறு யோசனை ஓடுகிறது. சிவப்பு, மஞ்சள், வெள்ளைத் துணியில் தாமரையை வெட்டி ஒட்டி, ஓரத்தை மட்டும் கால் மெஷினில் சின்னச் சின்னக் குத்தாக ஓட்ட வேண்டும். போன ஞாயிறு மூன்று இதழ் முடிந்தது. நான்காவதில் தோல் பெல்ட் அறுந்துவிட்டது.