ராத்திரி கயோட்டி வேட்டை, டெக்சஸ்: கைடுக்கு முழு மார்க், பேட்டரிக்கு முட்டை

சான் ஏஞ்சலோ பக்கம் ஆட்டுப் பண்ணைகளில் ராத்திரி கயோட்டி வேட்டைக்குக் கூட்டிப்போகும் சின்ன நிறுவனம் ஒன்றில் ஆபீஸ் நண்பரோடு போய் வந்தேன். குறையும் சொல்லப்போவதால் பெயர் வேண்டாம். (கயோட்டி நம்ம ஊர் நரியை விடக் கொஞ்சம் பெரிசு, ஓநாயை விடச் சின்னது. அங்கே ஆட்டுக்காரர்களுக்கு அதைக் கண்டாலே ஆகாது.)

இவர்களிடம் எனக்கு ரொம்பப் பிடித்தது கிளம்பும் முன் நடந்த பேச்சுதான். துப்பாக்கியை உறையிலிருந்து எடுக்கவே விடாமல் கைடு விதிகளைச் சொல்லி முடித்தார். கயோட்டியும் பாப்கேட் என்ற காட்டுப்பூனையும் டெக்சஸ் கணக்கில் 'நான்கேம்', அதாவது மான் மாதிரி வேட்டை விலங்குப் பட்டியலில் இல்லாதவை, அதனால் சீசனும் கிடையாது, இத்தனைதான் என்ற வரம்பும் கிடையாது, நிலத்துக்காரர் சம்மதம் இருந்தால் தனியார் நிலத்தில் ராத்திரி விளக்கு அடித்துச் சுடலாம். அதே விளக்கில் ஒரு மானைச் சுட்டால் நேராகக் குற்றம். பொது ரோட்டில் நின்றோ ரோட்டைத் தாண்டியோ சுடவும் கூடாது, அதனால் ஒரு பண்ணையிலிருந்து அடுத்ததுக்கு ரோடு வழியாகப் போகும்போது விளக்கை அணைத்து, துப்பாக்கியைக் காலி செய்து உள்ளே வைக்கச் சொன்னார். அப்புறம் வேட்டைச் சட்டத்தைக் கண்காணிக்கும் அதிகாரியான கேம் வார்டனுக்குப் போன் போட்டு எந்தப் பண்ணை, எத்தனை பேர், என்ன வண்டி என்று சொல்லிவிட்டார். கயோட்டிக்கு இது கட்டாயமில்லையாம். ஆனால் ராத்திரி வெளிச்சத்தைப் பார்த்துப் பக்கத்துப் பண்ணைக்காரர் புகார் கொடுத்தால் மான் திருடர்களைத் தேடி வருகிற மாதிரிதான் வார்டன் வருவார்.

எச்-1பி வேலை விசாவில் இருப்பவர்கள் இந்தப் பத்தியை விட்டுவிடாதீர்கள். குடியேற்றமில்லாத விசாக்காரர் துப்பாக்கியோ தோட்டாவோ கையில் வைத்திருக்க அமெரிக்க மத்திய சட்டம் தடை போடுகிறது, ஏதாவது ஒரு மாநிலத்தின் வேட்டை உரிமம் இருந்தால் அதில் விலக்கு உண்டு. டெக்சஸ்வாசிக்கு உரிமம் 25 டாலர், வெளி மாநிலத்தாருக்கு 5 நாள் உரிமம் 48 டாலர். 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்திருந்தால் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும். முன்பதிவின்போதே உரிமத்தின் படத்தைக் கேட்டு வாங்கிச் சரிபார்த்தார்கள், அதற்கே ஒரு சபாஷ்.

சரி, வேட்டை. முயல் அலறுவது போலக் கத்தும் கருவியை மேட்டில் வைத்துவிட்டு, காற்றுக்கு எதிரே உட்கார்ந்து, சிவப்பு விளக்கை மெதுவாகச் சுழற்ற வேண்டும். வேலியோரம் ரெண்டு கண் பளிச்சென்று மின்னியது, நண்பர் துப்பாக்கியைத் தூக்கினார், கைடு குழலின் மேல் கை வைத்து அமுக்கிவிட்டார். "கண் தெரிஞ்சா போதாது, உடம்பு தெரியணும்" என்கிற அர்த்தத்தில் காதில் ஏதோ சொன்னார். விளக்கைக் கொஞ்சம் இறக்கியதும் தெரிந்தது, ஆட்டு மந்தைக்குக் காவலாக விட்டிருந்த பெரிய வெள்ளை நாய். கொட்டாவி விட்டுக்கொண்டு எங்களையே பார்த்தது. இந்த ஒரு நொடிக்கே கொடுத்த காசு தகும்.

இனி குறை. விளம்பரத்தில் 'தெர்மல் ஸ்கோப் உண்டு' (உடம்புச் சூட்டை வைத்து இருட்டில் காட்டும் கருவி) என்று பெரிதாகப் போட்டிருந்தார்கள். அதன் பேட்டரி நள்ளிரவுக்கு முன்பே செத்துவிட்டது, மாற்று பேட்டரியில் சார்ஜே இல்லை. பணம் கழிக்கச் சொன்னதற்கு 'அடுத்த முறை பார்க்கலாம்' என்று இழுத்தார்கள். அடுத்த முறை எதற்கு, இந்த முறைக்குத்தானே காசு கொடுத்தேன்? வந்த ஒரே கயோட்டியும் சுற்றி வளைத்து எங்கள் வாடையைப் பிடித்துவிட்டுப் போய்விட்டது, அதற்கு இவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

நம்ம ஊரில் நெற்றி லைட்டோடு முயலுக்குப் போனாலே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வழக்கு. அந்த நினைப்போடு போகிறவர்களுக்கு டெக்சஸில் எல்லாமே சுலபம் மாதிரித் தோன்றும், அதனால்தான் கைடைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறேன். பதிவு செய்யும் முன் ரெண்டு கேள்வி கேளுங்கள்: வார்டனுக்கு யார் போன் செய்வீர்கள், மாற்று பேட்டரி எத்தனை இருக்கிறது. ஐந்துக்கு மூன்றரை.